மாநிலத்தின் பன்றி, என் பன்றி

காலை ஒன்பது பத்துக்கு முதல் பன்றி வந்தது.

வண்டிச் சத்தம் கேட்டு நான் கடைக்கு வெளியே வந்தேன். பின்தட்டில் படுத்திருந்தது. முதலில் வாலைப் பார்த்தேன். நேராகத் தொங்கியது, நுனியில் மட்டும் மயிர்க்கற்றை. அதன் பிறகுதான் கொண்டு வந்தவன் முகத்தைப் பார்த்தேன்.

எங்கள் மலைப்பக்கத்தில் காட்டுப்பன்றி சீசன் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை தொடங்கும். எட்டு நாள். ஆளுக்கு ஒன்று. சுட்டதை அன்றைக்கே என் கடைக்குக் கொண்டு வர வேண்டும். நான் எடை போட்டு, ஆணா பெண்ணா என்று எழுதி, காதில் தகடு மாட்டுவேன். தகடு இல்லாத பன்றி திருட்டுப் பன்றி. பத்தொன்பது வருடமாக இதைச் செய்கிறேன். பெட்ரோலும் காபியும் தோட்டாவும் விற்கும் கடைக்கு இது ஒரு கௌரவம்.

இந்த வருடம் மாநில வனவிலங்கு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். பெயர் தாக்ஸ்டன். உயிரியல் படித்தவர். அதிகம் பேசமாட்டார். பக்கத்துப் பள்ளத்தாக்கில் புள்ளி போட்ட பன்றிகள் கூண்டில் விழுந்திருந்தன. காட்டில் புள்ளி கிடையாது, சுருட்டை வாலும் கிடையாது. அது வீட்டுப்பன்றியின் ரத்தம். வீட்டை விட்டு ஓடிக் காட்டில் திரியும் பன்றியை நாங்கள் ஓடுகாலி என்போம். ஓடுகாலி கலந்துவிட்ட கூட்டத்தை மாநிலம் காட்டுப்பன்றி என்று ஒப்புக்கொள்ளாது. சீசனை மூடிவிடும். பிறகு கூண்டு வைத்து, குட்டி உட்பட அத்தனையையும் கொல்லும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் அது தொடங்கிவிட்டது.

இங்கே சுரங்கம் மூடி ஆறு வருடம் ஆகிறது. ஆண்கள் வருடம் முழுவதும் பேசுவதற்கு இருப்பது இந்த எட்டு நாள்தான்.

என் ஓடுகாலியைப் பற்றி யாருக்கும் தெரியாது.

போன வருடம் ஜூனில் ஓடை பெருகியது. கடைக்குப் பின்னால் இருந்த பட்டியின் வேலியில் பாதியை இழுத்துக்கொண்டு போனது. விடிந்து பார்த்தால் நான் வளர்த்த பெட்டைப் பன்றி இல்லை. கறுப்பு. முந்நூறு பவுண்டு. நிமிர்ந்த காது. முன்கால் இரண்டும் வெள்ளை. சினை வேறு. ஆகஸ்ட் கடைசியில் குட்டி போட வேண்டும். பெயர் வைக்கவில்லை. என்றாவது தின்னப்போகிற ஒன்றுக்கு நான் பெயர் வைப்பதில்லை.

பன்றி தப்பினால் உடனே அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. என் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. நான்தான் ஒட்டினேன். தானாகத் திரும்பி வரும் என்று நினைத்தேன். தீனி வாளியைத் தட்டிக்கொண்டு மூன்று நாள் மலையில் நடந்தேன். நாலாவது நாள் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு மாதம் கழித்துச் சொல்லவே முடியவில்லை. கேட்டவர்களிடம் வெட்டி விற்றுவிட்டதாகச் சொன்னேன்.

போன சீசனில் பதினொரு பன்றி வந்தது. பதினொன்றுக்கும் வாலைப் பார்த்தேன்.

தாக்ஸ்டன் அந்த முதல் பன்றி கிடந்த பின்தட்டில் ஏறினார். வாலைத் தொடவில்லை. முதுகு மயிரைச் சீப்பால் பிரித்து நுனியைப் பார்த்தார். நுனி வெளுத்து, இரண்டாகப் பிளந்திருந்தது. மூக்குத்தண்டின் மேல் ஓர் அளவுகோலை வைத்தார். இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. குளம்பைப் பார்த்தார். ஒரு குப்பியில் ரத்தம் எடுத்தார்.

"சரி," என்றார்.

நான் தகடு மாட்டினேன்.

பெஞ்சில் ஓக்கி ஸ்டாலிங்ஸ் காபியோடு உட்கார்ந்திருந்தான். பள்ளத்தாக்கில் எனக்கு இரண்டு மைல் மேலே இருப்பவன். அறுபத்துநாலு வயது. பன்றி வேட்டைக்காரர் சங்கத்தின் தலைவர். சீசனுக்கு ஒரு நாள் முன்னால் சுட்டதற்காகச் சொந்த மச்சானையே காட்டிக்கொடுத்தவன்.

"என்ன ஓக்கி, இந்த வருஷமும் வேட்டை இல்லயா, முட்டி வலியா?" என்று கேட்டுவிட்டுப் போனான் முதல் பன்றிக்காரன்.

"முட்டிதான்," என்றான் ஓக்கி.

பத்தே முக்காலுக்கு இரண்டாவது. பெரிய ஆண். தாக்ஸ்டன் சரி என்றார்.

பதினொன்றரைக்கு வெர்லின் வந்தான். நிலக்கரி லாரி ஓட்டுபவன். வண்டி நிற்பதற்கு முன்பே தலையை வெளியே நீட்டிவிட்டான்.

"ஆர்டித் அக்கா! வழி விடு, ராணி வந்திருக்காங்க!"

"ஓட்டிட்டு வந்தது ராணியா, பின்னால படுத்திருக்கிறது ராணியா?" என்றான் ஓக்கி.

"உனக்குப் பொறாமை. முட்டியைத் தடவிட்டுச் சும்மா உக்காரு."

இளம் பெட்டை. நூற்று நாற்பது பவுண்டு இருக்கும். வால் நேர். நான் தகட்டை எடுக்கத் திரும்பினேன். தாக்ஸ்டன் சரி என்று சொல்லவில்லை. குனிந்து முன்காலைத் தூக்கிப் பிடித்திருந்தார். குளம்புக்கு மேல் நாலு விரல் அகலத்துக்கு மயிர் வெள்ளையாக இருந்தது.

"எங்க சுட்டீங்க?"

"லாரல் ஓடைக்கு மேல. ஏன் சார்?"

"இந்தக் கால்."

"சாக்ஸ் போட்டிருக்கு. நாளைக்கு சர்ச்சுக்குப் போறதா இருந்திருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. ஓக்கி காபியை வைத்துவிட்டு எழுந்து வந்தான். வெர்லின் எல்லார் முகத்தையும் பார்த்தான்.

"என்ன? என்ன ஆச்சு?"

நான் கணக்குப் போட்டேன். ஆகஸ்டில் பிறந்திருந்தால் பதினாலு மாதம். இந்தப் பன்றிக்கும் அவ்வளவுதான் இருக்கும். லாரல் ஓடை என் பட்டிக்கு நேர் மேலே.

"அது என்னோடது," என்றேன்.

"எது உன்னோடது?" என்றான் ஓக்கி.

"அதோட தாய். போன வருஷம் வெள்ளத்துல போச்சு. சினையா இருந்துச்சு. முன்கால் வெள்ளை. நான் யார்கிட்டயும் சொல்லல."

ஒரு லாரி சாலையில் போனது. வெர்லின் அதைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினான்.

"வெட்டி வித்துட்டேன்னு சொன்னியே அக்கா," என்றான் வெர்லின். "நான்கூட ஒரு தொடை கேட்டேன்."

"ஆமா. கேட்ட."

"மொத்தமும் போச்சுன்னு சொன்ன."

"மொத்தமும்தான் போச்சு."

தாக்ஸ்டன் நிமிரவில்லை. வெள்ளை மயிரை விலக்கிக் கட்டைவிரலால் அழுத்திச் சுற்றிக்கொண்டு வந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க விரலை வைங்கம்மா."

வைத்தேன். மயிருக்கு அடியில் காலைச் சுற்றி ஒரு வரம்பு ஓடியது, மோதிரம்போல.

"கம்பிக் கண்ணி. குட்டியா இருந்தப்ப மாட்டி அறுத்துக்கிட்டு வந்திருக்கு. காயம் ஆறின இடத்துல மயிர் வெள்ளையாத்தான் வளரும்."

சீப்பை எடுத்தார். மயிர் நுனி பிளந்திருந்தது. அளவுகோலை மூக்கில் வைத்தார். இடைவெளி இல்லை.

"காட்டுப்பன்னி. சுத்தமானது."

"அப்ப இது என்னோடது இல்ல."

"இல்ல. இது மாநிலத்தோடது." மலையைப் பார்த்தார். "ஆனா உங்களோடது இன்னும் மேலதான் இருக்கு."

அதை நான் யோசித்திருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தகடு மாட்டியிருப்பேன், வெர்லின் வீட்டுக்குப் போயிருப்பான்.

"போன் எங்க இருக்கு?" என்றார் தாக்ஸ்டன்.

"கல்லாவுக்குப் பக்கத்துல. என்ன சொல்வீங்க?"

"உள்ளதைச் சொல்லணும். சினைப் பெட்டை ஒண்ணு பதினாறு மாசமா கூட்டத்தோட திரியுதுன்னு."

"சீசன்?"

"அதை நான் முடிவு பண்றதில்லம்மா."

வெர்லின் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தான். "ஒரு வேலி, அக்கா. ஒரு வேலி கட்டத் தெரியலயே உனக்கு!"

தாக்ஸ்டன் கடைக்குள் போனார். அவர் போனைக் கையில் எடுத்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

"வைங்க சார்," என்றான் ஓக்கி. உரக்கச் சொல்லவில்லை. அவருக்குக் கேட்கவில்லை. வாசலுக்குப் போய் மறுபடியும் சொன்னான். "அந்தப் போனை வைங்க."

தாக்ஸ்டன் போனைப் பிடித்தபடி நின்றார். ஓக்கி என் பக்கம் திரும்பினான்.

"எப்ப போச்சுன்ன?"

"ஜூன்ல. வெள்ளத்தன்னைக்கு."

"கறுப்பா?"

"கறுப்பு."

"காது தொங்குமா?"

"இல்ல. நிமிந்துதான் இருக்கும்."

அவன் சுவரில் கையை ஊன்றினான்.

"அது மேல இல்ல," என்றான். "என் வீட்டுல, விறகு அடுக்குக்குக் கீழ இருக்கு."

உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான்.

"ஜூலை நாலு, சுதந்திர தினம். சாயங்காலம். ஊரே வெடி போட்டுக்கிட்டிருந்துச்சு. மூணு நாளா பீன்ஸ் தோட்டத்தை ஒண்ணு உழுது தள்ளிட்டிருந்துச்சு. அன்னைக்கு நேரா பாத்துட்டேன். சேறு அப்பிக்கிட்டு நின்னுச்சு. காட்டுப்பன்னின்னு தெரிஞ்சேதான் சுட்டேன். சீசன் இல்லன்னு தெரியும். கோவம். விழுந்தப்புறந்தான் என்ன பண்ணிட்டேன்னு உறைச்சுச்சு. வெடிச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கல. டிராக்டரால குழி பறிச்சுப் புதைச்சிட்டேன். ஒரு துண்டு தொடல. தொட்டா அது திருட்டு."

வெர்லின் ஓரடி முன்னால் வந்தான்.

"உன் மச்சானைக் காட்டிக்கொடுத்தியே, ஓக்கி."

"தெரியும்."

"ஒரு நாளுக்காக. அவனோட துப்பாக்கியே போச்சு."

"தெரியும்டா."

"அப்ப உன் முட்டி?"

"முட்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்கு நானே சீசனை மூடிக்கிட்டேன். ரெண்டு வருஷம். மச்சானுக்குத் தடை போட்ட அதே ரெண்டு வருஷம்."

தாக்ஸ்டன் போனை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"அது வீட்டுப்பன்னின்னு எப்படித் தெரியும்? நீங்க காட்டுப்பன்னின்னுதானே சுட்டீங்க?"

"தெரியாது சார். இவ சொல்றதைக் கேட்டாத்தான் தோணுது."

"வாலைப் பாக்கலயா நீ?" என்றான் வெர்லின்.

"பாத்தேன். நேராத்தான் கிடந்துச்சு."

"உயிர் போயிட்டா எந்தப் பன்னிக்கும் வால் தொங்கும்," என்றார் தாக்ஸ்டன். "சேத்துல நனைஞ்சா கேக்கவே வேணாம். அதனாலதான் நான் வாலைப் பாக்கறதே இல்ல."

பதினாறு மாதமாக நான் வாலை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"உங்க பன்னிக்கு அடையாளம் ஏதாவது?" என்று என்னிடம் கேட்டார்.

"காதுல தகடு. சந்தையில போட்டது. எண் நானூத்தி பதினேழு."

"தகடா?" என்றான் ஓக்கி.

"சின்னத் தகடு. இடது காது."

"நான் தலைப்பக்கம் போகல. பின்னங்காலைப் பிடிச்சு இழுத்தேன்."

"தோண்டணும்," என்றார் தாக்ஸ்டன்.

வெர்லினின் பன்றியை என் குளிர் அறையில் தொங்கவிட்டோம். கடைக் கதவில் 'மூன்று மணிக்குத் திறக்கும்' என்று எழுதி மாட்டினேன். சீசனின் முதல் நாளில் நான் கடையைப் பூட்டியதில்லை. இரண்டு வண்டியில் மேலே போனோம்.

ஓக்கியின் பீன்ஸ் தோட்டம் காய்ந்து கம்புகள் மட்டும் நின்றன. அதற்குக் கீழே விறகு அடுக்கு. நேர்த்தியாக அடுக்கியிருந்தான், ஆள் உயரம். நாலு பேரும் சேர்ந்து கலைத்தோம். அரை மணி நேரம் ஆனது.

"போன வருஷம் விறகை எதுக்கு இங்க மாத்தினன்னு கேட்டேன்," என்றான் வெர்லின். "காத்து நல்லா வருதுன்ன."

"காத்து நல்லாத்தான் வருது."

"பன்னிக்கா?"

"தோண்டுடா."

வெர்லின் தோண்டினான். மூன்று அடியில் தார்ப்பாய் தட்டுப்பட்டது. தாக்ஸ்டன் அவனை மேலே வரச் சொல்லிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கினார். வாடை எதுவும் இல்லை. மண் வாடைதான். தார்ப்பாயை விலக்கினார். எலும்பும் கொஞ்சம் கறுத்த தோலும்.

நான் குழியின் விளிம்பில் நின்றேன். இது வேறு பன்றியாக இருந்தால் என் பெட்டை மலையில்தான் இருக்கிறது. ஒன்பதோ பத்தோ குட்டிகளோடு. அந்தக் குட்டிகளுக்கும் இந்நேரம் குட்டிகள்.

அவர் மண்டையோட்டை எடுத்தார். மண்ணைத் துடைத்தார். அளவுகோலை மூக்குத்தண்டில் வைத்தார். நெற்றிக்கும் மூக்கு நுனிக்கும் நடுவில் என் இரண்டு விரல் போகும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

"பாருங்க," என்று ஓக்கியிடம் நீட்டினார். "காட்டுப்பன்னிக்கு இது பலகை மாதிரி நேரா இருக்கும். இது கரண்டி மாதிரி குழிஞ்சிருக்கு."

ஓக்கி அதை இரண்டு கையாலும் வாங்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இருபத்தஞ்சு வருஷமா பன்னி சுடறேன், சார்."

"இருட்டற நேரம். மேல சேறு. நீங்க கோவத்துல இருந்தீங்க."

"இருபத்தஞ்சு வருஷம்."

தாக்ஸ்டன் மறுபடியும் குனிந்து மண்ணை விரலால் சலித்தார். நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு எதையோ சட்டையில் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"நாலு. ஒண்ணு. ஏழு," என்று படித்தார்.

விறகின் மேல் உட்கார்ந்தேன்.

"குட்டி?" என்றேன்.

"எப்ப போடறதா இருந்துச்சு?"

"ஆகஸ்ட் கடைசி."

"இவர் சுட்டது ஜூலை நாலு. போட்டிருக்க வாய்ப்பே இல்ல. வயித்தோடதான் போயிருக்கு." குழியிலிருந்து ஏறி வந்தார். "மலையில ஒண்ணும் இல்லம்மா. உங்களோடது எதுவும் இல்ல."

முதலில் சிரித்தது வெர்லின்தான்.

"ஓக்கி! காதுல தகடு மாட்டின பன்னியையா திருட்டுத்தனமாப் புதைச்ச?"

ஓக்கி அவனை முறைத்தான். முறைத்துக்கொண்டே இருந்தவனுக்குத் தோள் குலுங்கியது. மண்டையோட்டைக் கீழே வைத்துவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தாக்ஸ்டன்கூடக் கையுறையைக் கழற்றுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சிரித்தேனா அழுதேனா என்று வெர்லின் பிறகு கேட்டான். எனக்கு நினைவில்லை.

"அப்ப நான் சட்டத்தை மீறலயா, சார்?" என்றான் ஓக்கி.

"தோட்டத்துல மேஞ்ச வீட்டுப்பன்னியைச் சுட்டிருக்கீங்க. அது இந்த அம்மாவோட பன்னி. அது உங்க ரெண்டு பேர் விஷயம். மாநிலத்துக்கு அதுல ஒண்ணும் இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "மனசுல என்ன நெனச்சுச் சுட்டீங்கங்கறதுக்கு என்கிட்ட ஃபாரம் கிடையாது. இவங்களுக்குத்தான் ஒரு ஃபாரம் இருக்கு. பதினாறு மாசம் லேட். எழுத்துல ஒரு எச்சரிக்கை வரும்."

"தகடு மாட்டற வேலை?" என்றேன்.

"யாருக்குக் குடுக்கலாம்னு கேட்டா உங்க பேரைத்தான் சொல்லுவேன். வண்டி வந்து நின்னதும் என்னைவிட முன்னாடி ஓடறீங்க." தகட்டை ஓர் உறையில் போட்டு மூடினார். "அடுத்த தடவை மூக்கைப் பாருங்க."

"பாக்கறேன்."

"சீசன் நடக்கும்ல?" என்றான் வெர்லின்.

"நடக்கும்."

"அப்ப என் பன்னிக்குத் தகடு?"

"கடைக்குப் போய் நானே மாட்டறேன், வாங்க."

வெர்லின் என் அருகே வந்து நின்றான். ஏதோ சொல்ல வந்தான். "வேலியை நான் வந்து கட்டித் தரேன் அக்கா," என்று மட்டும் சொன்னான். நான் கடைச் சாவியைக் கொடுத்தேன். அவனும் தாக்ஸ்டனும் மண்டையோட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

வெயில் இதமாக இருந்தது. மேலே முகட்டில் எங்கோ ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அதைக் கேட்டு என் பன்றியோ என்று நான் பயப்படாதது பதினாறு மாதத்தில் அதுதான் முதல் முறை. ஓக்கியும் தலையைத் தூக்கிக் கேட்டான்.

"நல்ல அடி," என்றான்.

"ஒரே குண்டுதான்."

"உள்ளே காபி இருக்கு. பீன்ஸும் சோள ரொட்டியும் இருக்கு. சாப்பிட்டுப் போ."

"இதை மூடிட்டுப் போலாம்."

அவன் மண்வாரியை எடுத்தான். தாக்ஸ்டன் எடுத்து மேலே வைத்திருந்த எலும்புகளை நான் ஒவ்வொன்றாகக் குழிக்குள் திரும்ப வைத்தேன். விலா. முதுகெலும்பு. முன்கால்கள் இரண்டு. வலது பின்னங்கால். இடது பின்னங்காலைத் தேடினேன். தார்ப்பாயை உதறினேன். கையால் மண்ணைத் துழாவினேன். இடுப்பு மூட்டு இருந்தது. அதில் கத்தி போன கோடும் இருந்தது.

ஓக்கி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேகமாக மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். கீழே சாலையில் வண்டிச் சத்தம் அடங்கும் வரை காத்திருந்தேன்.

"ஓக்கி," என்றேன். "பன்னிக்கு எத்தனை பின்னங்கால்?"